இல்லாதவர்களின் குரலில் பாட்டு: ஜப்பானின் மிக்கு முதல் எங்கள் ஒலிநாடாக்கள் வரை

வடமராட்சியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் உயர்தரம் படிக்கும் பொடியன் ஒருவன் இருக்கிறான். ரியூசன் முடிந்து வந்தால் எந்நேரமும் காதில் ஹெட்செட். அனிருத்தின் பாட்டாக இருக்கும் என்று நினைத்து ஒருநாள் விசாரித்தேன். ஜப்பான் பாட்டு என்றான். பாடுவது யார் என்று கேட்டேன்.

"அது ஆள் இல்லை அங்கிள். சொஃப்ட்வெயார்."

சில வாரங்களுக்குப் பிறகு அதே பொடியன் தாயிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறான். "அம்மா, இப்ப செத்த ஆக்களின்ர குரலிலயும் பாட்டுச் செய்யலாம். எங்கட மாமாவையும் பாட வைக்கலாம்."

அந்த மாமா, அதாவது தாயின் தமையன், 2009 மே மாதத்துக்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லாதவர். அவருடைய குரல் அந்த வீட்டில் ஒரேயொரு ஒலிநாடாவில் இருக்கிறது. 1993 இல், அவருக்குப் பதினாறு வயதாக இருந்தபோது வீட்டில் வைத்துப் பதிவு செய்தது. தாய் மகனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. 'செத்த ஆக்கள்' என்ற சொல்லுக்கும் அவனை ஏசவில்லை. என்னைக் கண்டபோது மட்டும் கேட்டார்: "உது செய்ய ஏலுமோ? செய்யிறது சரியோ?"

முதற்கேள்விக்கு விடை சுலபம். ஏலும். இரண்டாவது கேள்விக்கு விடை தேட வேண்டுமென்றால் இந்தச் செயற்கைக் குரல் எங்கே பிறந்தது, எப்படி வேலை செய்கிறது, ஜப்பான் பிள்ளைகள் அதை என்ன செய்தார்கள், தமிழில் அது என்னவாக வந்து சேர்ந்தது என்பதையெல்லாம் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆள் இல்லாத பாடகி

பொடியன் கேட்டுக்கொண்டிருந்த பாடகியின் பெயர் ஹட்சுனே மிக்கு. ஜப்பானின் வடக்கே சப்போரோ நகரில் இருக்கும் கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா என்ற நிறுவனம் 2007 ஓகஸ்ட் 31 அன்று விற்பனைக்கு விட்ட ஒரு மென்பொருள்தான் அவள். உள்ளே இயங்கும் தொழில்நுட்பம் யமஹா நிறுவனத்துடையது. அதற்கு வோகலொயிட் என்று பெயர். (யமஹா என்றால் எங்களுக்கு மோட்டார் சைக்கிளும் கோயில் திருவிழா இசைக்குழுவின் கீபோர்டும்தான் ஞாபகம் வரும்.) மென்பொருளின் பெட்டியில் நீலப்பச்சை நிறத்தில் இரட்டைப் பின்னல் போட்ட, பதினாறு வயதுப் பெண்ணின் படம் ஒன்றைப் போட்டார்கள். 'எதிர்காலத்தின் முதல் ஒலி' என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம்.

ஆனால் குரல் வானத்திலிருந்து விழவில்லை. சாகி ஃபுஜிதா என்ற குரல் நடிகை ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்து, பொருளில்லாத அசைகளை ஒரே சுருதியில் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். அந்தத் துண்டுகளை வெட்டி ஒட்டி, சுருதியை ஏற்றி இறக்கித்தான் மிக்கு பாடுகிறாள். மென்பொருளை வாங்கியவர் திரையில் சுரங்களை அடுக்குவார். ஒவ்வொரு சுரத்தின் மேலும் ஒரு அசையைத் தட்டச்சு செய்வார். விசையை அழுத்தினால் பாட்டு வரும்.

ஜப்பானிய மொழிக்கு இது ஓரளவு இலகுவான வேலை. அ, இ, உ, எ, ஒ என்று ஐந்து உயிர்; அவற்றோடு மெய் சேர்ந்து உயிர்மெய். அவர்களுடைய எழுத்து வரிசையைப் பார்த்தால் எங்கள் அரிச்சுவடி ஞாபகம் வரும். ஆனால் தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் ஒலி மாறும். 'கடல்' என்பதில் வரும் ககரமும் 'பகல்' என்பதில் வரும் ககரமும் ஒன்றல்ல. ழகரம் மனிதரையே பாடாய்ப் படுத்துகிறது. இவற்றுக்கு மேலே கமகம் இருக்கிறது. ஒரு சுரத்தில் நிற்காமல் வழுக்கி அசைந்து போகும் எங்கள் பாட்டை வெட்டி ஒட்டிச் செய்தால் கட்டையாகத்தான் நிற்கும்.

மிக்குவின் குரலும் முதலில் மனிதக் குரல்போல் இருக்கவில்லை. இன்றைக்கும் பழைய பாட்டுகளைக் கேட்டால் தகரத்தைத் தட்டுவதுபோல ஒரு ஓசை அடியில் ஓடும். முதல் தடவை கேட்ட எனக்குப் பத்து விநாடிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. அந்தப் பொடியன் சிரித்துவிட்டுச் சொன்னான்: "பாட்டை எழுதினவன் ஆரெண்டு தெரிஞ்சா அப்பிடிக் கேக்காது அங்கிள்."

விஷயத்தின் மையம் அவன் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. மிக்குவுக்குப் பாட்டு எழுதியவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத இளம் ஆட்கள். வாடகை அறையில் கணினியும் கிற்றாரும் வைத்திருந்தவர்கள். ஸ்ரூடியோவுக்குக் காசு இல்லை, பாடகியைத் தெரியாது, தங்கள் குரலில் பாடவும் கூச்சம். அப்படிப்பட்டவர்களுக்கு முறைப்பாடு சொல்லாமல் எத்தனை தடவையும் பாடித் தரும் ஒரு குரல் கிடைத்தது. அதை வைத்துச் செய்த பாட்டு எழுதியவருக்கே சொந்தம். மிக்குவின் உருவத்தையும் வணிக நோக்கமில்லாமல் எவரும் வரையலாம் என்று நிறுவனம் உரிமம் கொடுத்தது. ஒருவர் பாட்டு, இன்னொருவர் படம், வேறொருவர் நடனம் என்று ஊர் கூடித் தேர் இழுத்தார்கள்.

கேட்டுப் பார்க்கச் சில பாட்டுகள்

பிள்ளை என்ன கேட்கிறது என்று அறிய விரும்பும் பெற்றோருக்காகவும், புதிதாகத் தொடங்குபவர்களுக்காகவும் சிலவற்றைச் சொல்கிறேன். எல்லாம் யூரியூப்பில் கிடைக்கும். பலவற்றுக்கு ஆங்கில எழுத்துவரியும் உண்டு.

முதலில் 'மெல்ற்'. ரியோ என்பவர் 2007 டிசெம்பரில் வெளியிட்டது. அதுவரை மிக்குவின் பாட்டுகளில் பல, தான் ஒரு இயந்திரம் என்பதைப் பற்றியே பாடின. இது விரும்பியவனோடு ஒரு குடைக்குள் நடக்கும் ஒரு சாதாரணப் பெண்பிள்ளையின் வெட்கம். இந்தப் பாட்டை உண்மையான மனிதர்கள் தங்கள் குரலில் பாடிப் பதிவேற்றத் தொடங்கினார்கள். இயந்திரம் முதலில் பாட, மனிதர் அதைப் பார்த்துப் பாடும் ஒரு தலைகீழ் வழக்கம் பெரிதாகப் பரவியது இதற்குப் பிறகுதான்.

'கொக்கோரோ' என்றால் இதயம், மனம். 2008 இல் வந்தது. பாடுவது மிக்கு அல்ல, அவளுக்குப் பிறகு வந்த ககமினே ரின் என்ற குரல். தனிமையில் இருந்த விஞ்ஞானி ஒருவர் ஒரு இயந்திரப் பெண்ணைச் செய்கிறார். அதற்கு மனம் ஒன்றைக் கொடுக்க வாழ்நாள் முழுவதும் முயன்று இறந்துபோகிறார். நீண்ட காலத்துக்குப் பிறகு அந்த மனம் அதற்குள் விழித்துக்கொள்கிறது. அப்போது நன்றி சொல்ல அவர் இல்லை. எங்கள் ஊரில் இதைக் கேட்டு அழுவதற்கு ஜப்பான் மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை.

'சென்பொன்சகுரா', ஆயிரம் செர்ரி மரங்கள், 2011. குரோவுசா என்பவருடையது. வேகமும் பழைய ஜப்பானிய மெட்டின் வாசனையும் கலந்தது. மரபு வாத்தியங்களை வைத்து வகக்கி பான்ட் என்ற குழு இதை மீண்டும் செய்தது. 2015 ஆண்டிறுதியில் ஜப்பானின் தேசியத் தொலைக்காட்சி நடத்தும் பெரிய பாட்டு நிகழ்ச்சியில், பழைய தலைமுறையின் பாடகி சச்சிக்கோ கொபயாஷி மேடையேறி இதைப் பாடினார். எங்களுக்குச் சொல்வதானால், மென்பொருளுக்காகப் பொடியன்கள் எழுதிய பாட்டை நல்லூர்த் திருவிழாக் காலத்து மேடையில் மூத்த பாடகி ஒருவர் பாடியதுபோல.

'ரோலிங் கேர்ள்', 2010. வொவாக்கா எழுதியது. தோற்றுத் தோற்று, திரும்பத் திரும்ப உருண்டுகொண்டே இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. மேற்பரப்பில் துள்ளலான பாட்டு, உள்ளே கடும் சோர்வு. இந்த வகையில் இப்படிப் பல பாட்டுகள் உண்டு. பிள்ளை இரவிரவாக இவற்றையே கேட்கிறது என்றால் ஹெட்செட்டைப் பறிக்காமல் ஒருமுறை பக்கத்தில் இருந்து கேட்டுப் பாருங்கள்.

வொவாக்கா 2019 ஏப்ரல் 5 அன்று, 31 வயதில் இறந்துபோனார். அவருடைய பாட்டை மிக்கு இன்றும் அதே பதினாறு வயதுக் குரலில் பாடுகிறாள். பாட்டு எழுதியவர் போய்விட்டார், பாடும் இயந்திரம் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் நடந்தது இதற்கு நேரெதிர்.

'மத்ரியோஷ்கா', 2010. எழுதியவர் ஹாச்சி என்ற புனைபெயரில் இருந்த ஒரு பத்தொன்பது வயதுப் பொடியன். பிறகு அவர் தன் சொந்தப் பெயரில், சொந்தக் குரலில் பாடத் தொடங்கினார். அவர்தான் கென்ஷி யொனெசு. 2018 இல் வந்த அவருடைய 'லெமன்' ஜப்பான் முழுவதும் ஒலித்தது. அதை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய தாத்தா இறந்தார். அந்த இழப்பு பாட்டுக்குள் இறங்கியிருக்கிறது. இது செயற்கைக் குரல் பாட்டு இல்லை என்றாலும், செயற்கைக் குரலில் பழகிய கை எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதற்காகச் சொல்கிறேன். யொவசோபி இருவரில் இசையமைக்கும் அயசேயும் இதே பள்ளியில் இருந்து வந்தவர்தான்.

இன்றைய பொடியன்கள் அதிகம் கேட்பது இன்னும் புதியவற்றை. பினோக்கியோபியின் 'கட்-இஷ்' (2021) சமூக வலைத்தளத்தில் எதையெடுத்தாலும் தெய்வமாக்கும் எங்கள் பழக்கத்தைக் கேலி செய்கிறது. 2024 இல் வந்த 'மெஸ்மரைசர்' பாட்டில் மிக்குவும் கசானே தேட்டோவும் சேர்ந்து பாடுகிறார்கள். தேட்டோவின் கதை வேடிக்கை. 2008 ஏப்ரல் முட்டாள் தினத்தில் ஆட்களை ஏமாற்றச் செய்த ஒரு பொய்ப் பாடகி அவள். பகிடிக்குச் செய்த குரல் பதினைந்து வருடத்தில் மிக்குவோடு சரிசமமாக வந்து நிற்கிறது.

தமிழில் நேரெதிராக

ஜப்பானில் உயிரோடு இருக்கும் ஒரு நடிகை சம்மதத்தோடு கொடுத்த குரலில், இல்லாத ஒரு பெண் பிறந்தாள். தமிழில் இந்தத் தொழில்நுட்பம் பெரிதாக அறிமுகமானது இருந்து இறந்தவர்கள் வழியாக. 2024 ஆம் ஆண்டைத் தமிழ்த் திரையிசையில் அப்படித்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

அந்த ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டு வந்தது. ஏ.ஆர். ரஹ்மான் அதில் பம்பா பாக்யாவின் குரலையும் சாகுல் ஹமீதின் குரலையும் பயன்படுத்தியிருந்தார். பம்பா பாக்யா 2022 செப்ரெம்பரில் இறந்தவர். சாகுல் ஹமீது 1997 இலேயே வாகன விபத்தில் போய்விட்டார். 'திருடா திருடா' படத்தில் வாத்தியங்கள் இல்லாமல் குரல்களால் மட்டுமே கட்டிய 'ராசாத்தி என் உசிரு' பாட்டைப் பாடியவர் அவர்தான். கேள்வி எழுந்ததும் ரஹ்மான் வெளிப்படையாகப் பதில் சொன்னார்: இரு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கினோம், உரிய கொடுப்பனவும் கொடுத்தோம் என்று.

ஜூன் 22 அன்று 'த கிரேற்றஸ்ற் ஒஃப் ஓல் ரைம்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்'. விஜயோடு சேர்ந்து பாடும் குரல் பவதாரிணியுடையது. இளையராஜாவின் மகள். புற்றுநோய்ச் சிகிச்சைக்காக இலங்கைக்கு வந்திருந்தபோது, அந்த வருடம் ஜனவரி 25 அன்று கொழும்பில் இறந்தார். இசையமைத்தவர் தம்பி யுவன் சங்கர் ராஜா. அக்கா சுகமாகி வந்ததும் பாட வைக்கலாம் என்று எண்ணியிருந்த பாட்டு அது என்றும், சிறிது நேரத்தில் இறப்புச் செய்தி வந்தது என்றும் அவர் எழுதினார்.

செப்ரெம்பரில் 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ'. யாழ்ப்பாணத்தில் ஒரு பருவம் முழுக்க இது ஒலிக்காத மினிபஸ் இல்லை. ரஜினிக்குப் பின்னணியில் மலேசியா வாசுதேவன். 1980 இல் 'முரட்டுக்காளை'யில் 'பொதுவாக என் மனசு தங்கம்' பாடிய அதே குரல். அவர் இறந்தது 2011 பெப்ரவரியில். பாட்டில் அவருடைய மகன் யுகேந்திரனும் பாடியிருக்கிறார். பருத்தித்துறை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "வாசுதேவன்ர குரல் இன்னும் அப்பிடியே இருக்கு" என்றார். ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது போலும். நான் திருத்தவில்லை.

இந்தப் பாட்டுகளின் வழி மிக்குவின் வழி அல்ல. இங்கே அசைகளை வெட்டி ஒட்டுவதில்லை. இறந்தவரின் பழைய பாட்டுகளைக் கணினிக்குக் கொடுத்து அந்தக் குரலின் தன்மையைப் பழக்குகிறார்கள். பிறகு பொதுவான நடைமுறை என்னவென்றால், உயிரோடு இருக்கும் ஒருவர் புதுப் பாட்டை முழுமையாகப் பாடுவார். மூச்சும் கமகமும் நெளிவும் அவருடையவை. கணினி அதன் மேல் இறந்தவரின் குரலைப் போர்த்துகிறது. அதனால்தான் தமிழ்ப் பாட்டுக்கும் இது பொருந்துகிறது. ஆனால் அதனாலேயே இன்னொரு கேள்வியும் வருகிறது: உண்மையில் பாடியது யார்? போர்வைக்குக் கீழே நின்றவரின் பெயர் பல இடங்களில் வெளியே வருவதில்லை.

யாரிடம் கேட்பது

ரஹ்மான் குடும்பத்திடம் கேட்டார். பவதாரிணியின் விஷயத்தில் கேட்டவரும் கொடுத்தவரும் ஒரே குடும்பம். எல்லோரும் அப்படி நடப்பதில்லை. 2023 இல் வந்த 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைக் கேட்காமல் செயற்கையாக உருவாக்கினார்கள் என்று, மகன் எஸ்.பி.பி. சரண் படக்குழுவுக்குச் சட்ட அறிவித்தல் அனுப்பினார். உயிரோடு இருக்கும் பாடகர் அரிஜித் சிங்கே தன் குரலைக் காப்பாற்ற பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் நீதிமன்றம் அவருக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தது.

குடும்பம் சம்மதித்தால் விஷயம் முடிந்ததா? ஜப்பானிலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. ஹிபாரி மிசோரா, போருக்குப் பிந்திய ஜப்பானின் குரல் என்றே சொல்லத்தக்க பாடகி, 1989 இல் 52 வயதில் இறந்தார். முப்பது வருடம் கழித்து, 2019 இல், வளர்ப்பு மகனின் ஒத்துழைப்போடு யமஹாவும் தேசியத் தொலைக்காட்சியும் சேர்ந்து அவர் குரலில் ஒரு புதுப் பாட்டைச் செய்தன. நடுவில் அவர் இரசிகர்களைப் பார்த்துப் பேசுவதுபோல் ஒரு பகுதியும் வந்தது. அரங்கில் இருந்த பழைய இரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். ஆனால் பாடகர் தத்சுரோ யமஷிதா, இது இறந்தவரை அவமதிப்பது என்று தன் வானொலி நிகழ்ச்சியில் வெளிப்படையாகச் சொன்னார். மிக்கு பாடினால் கொண்டாடும் நாட்டில், மிசோரா பாடினால் ஏன் பிரச்சினை?

என் கருத்து இது. மிக்குவுக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் எழுதுபவரின் வாய். மிசோராவுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. சொல்லாமல் விட்டதும் இருந்தது. அவர் வாயில் இன்னொருவர் சொல்லை வைக்கும்போது, பாட்டு என்ற எல்லை தாண்டிச் சாட்சி சொல்ல வைப்பதாகிவிடுகிறது. பாட்டுப் பகுதியை என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்தது. பேசும் பகுதியை முடியவில்லை.

அரசியல்வாதிகள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். 2024 இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கருணாநிதியும் ஜெயலலிதாவும் அடுத்தடுத்துச் செயற்கைக் குரலில் தங்கள் கட்சிகளுக்காகப் பேசினார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2023 நவம்பர் 27 அன்று, எங்களிடையே சுற்றிய ஒரு காணொளியில் தோன்றியவர் ஆளா, கணினியா, ஆள்மாறாட்டமா என்று உலகம் முழுவதும் எம்மவர் வாதாடியது மறந்திருக்காது. அந்தக் காணொளி எதுவாக இருந்தாலும், அந்த வாதம் சில வீடுகளுக்குள் என்ன செய்தது என்று நான் கண்டேன். "அப்ப எங்கட பிள்ளையும் இருக்கலாமோ" என்று மீண்டும் கேட்கத் தொடங்கினார்கள்.

எங்கள் பக்கத்துக் குரல்கள்

எங்களிடமும் போன குரல்கள் இருக்கின்றன. 'சுராங்கனி' பாடி ஊர்களை ஆட வைத்த ஏ.ஈ. மனோகரன் 2018 இல் போனார். கோயில் பாட்டும் போர்க்காலப் பாட்டும் பாடிய எஸ்.ஜி. சாந்தன் 2017 பெப்ரவரி 26 அன்று யாழ்ப்பாணத்தில் இறந்தார். இவர்களுடைய பதிவுகள் போதுமான அளவு வெளியே கிடக்கின்றன. நாளைக்கே யாராவது ஒருவர் தேர்தல் பாட்டு ஒன்றை சாந்தனின் குரலில் விடலாம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடகரின் நிகழ்த்துகைக்கு உரிமை தருகிறது. ஆனால் அது எழுதப்பட்டபோது மனதில் இருந்தது பாடிய பாட்டைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பவர்கள். அவர் ஒருநாளும் பாடாத பாட்டை அவர் குரலில் செய்பவனை அந்தக் காலத்தில் யார் நினைத்திருப்பார்கள்?

பிரபலமானவர்களுக்காவது கேட்க ஆள் உண்டு. எங்கள் வீடுகளில் இருக்கும் குரல்கள் அப்படியானவை அல்ல. தமிழ்மொழித் தினப் போட்டிப் பேச்சு, கலியாண வீட்டுக் காணொளியில் பின்னால் கேட்கும் சிரிப்பு, வெளிநாட்டுக்குத் தபாலில் போன ஒலிநாடாக் கடிதம், வன்னியில் இருந்து கடைசியாக வந்த தொலைபேசி அழைப்பின் பதிவு. சிலவற்றுக்கு உரியவர்கள் இறந்துவிட்டார்கள். அங்கே குடும்பம் முடிவெடுக்கலாம். உரியவர் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால்?

இறந்தவரின் குரலுக்கு வாரிசு சம்மதம் கொடுக்கலாம். ஆனால் வாரிசு என்று கையெழுத்து வைப்பதே இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதாகும். மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று இத்தனை வருடம் நின்ற தாய்மார் இருக்கிறார்கள். அந்த மறுப்பைச் சட்டமே ஓரளவு விளங்கிக்கொண்டதால்தான் 2016 இல் காணாமல் போனமைக்கான சான்றிதழ் என்ற ஒன்று வந்தது. அதையும் வாங்காதவர்கள் உண்டு. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் உட்கார்ந்தவர்கள் கேட்டது சான்றிதழ் அல்ல, பதில். பொடியனின் கைத்தொலைபேசியில் இருக்கும் ஒரு செயலி அந்தப் பதிலை, அவனுக்கே தெரியாமல், பாட்டாகச் சொல்லிவிடும்.

நடைமுறையாக இரண்டு விஷயம். ஒன்று, ஒலிநாடாவை வைத்திருப்பவர்கள் தாமதிக்காமல் அதைக் கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் ஈரக்காற்றில் நாடா பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய நாடாவை இயந்திரத்தில் போட்டு இழுத்தால் அதோடு போய்விடும். 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேகரித்துவரும் நூலகம் நிறுவனம் ஒலி, ஒளிப் பதிவுகளையும் எண்ணிமமாக்கி வருகிறது. பொதுவில் வைக்கத்தக்கவை இருந்தால் அவர்களோடு கதைக்கலாம். மற்றது, வீட்டுக்குரிய குரலை முகநூலிலும் ரிக்ரொக்கிலும் போட முன் ஒருமுறை யோசியுங்கள். ஒருவர் குரலைப் போலி செய்ய இப்போது மணிக்கணக்கான பதிவு தேவையில்லை. அந்தக் குரலில் யாராவது அழைத்து, நான் இங்கே இருக்கிறேன், காசு அனுப்புங்கள் என்று சொன்னால் அனுப்பாத தாய் யார்?

அந்த வீட்டு ஒலிநாடா

கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். தாய்க்கு நான் மேலே எழுதியதில் பாதியைச் சொன்னேன். அவர் கேட்ட முதற்கேள்வி சட்டம் பற்றியது அல்ல.

"எத்தினை வயசுக் குரலில பாடுவார்?"

நாடாவில் இருப்பது பதினாறு வயதுக் குரல். செயலிக்குத் தெரிந்தது அது மட்டும்தான். தமையன் இருந்தால் இப்போது ஐம்பதை நெருங்கியிருப்பார். கடைசியாக அவரைக் கண்டபோது குரல் தடித்து, தகப்பனின் குரல்போல வந்திருந்ததாம். அந்தக் குரல் எதிலும் பதிவாகவில்லை.

புதுப் பாட்டு வேண்டாம் என்று முடிவாயிற்று. நாடாவை மட்டும் கணினிக்கு மாற்றினோம். பொடியன் அதைக் கவனமாகச் செய்தான். மிக்குவின் பாட்டுகளோடு கிடந்த பழக்கத்தில் அவனுக்கு ஒலியைக் கையாளும் கை நன்றாக இருந்தது. இரைச்சலைக் குறைத்தான். பாட்டின் நடுவில் ஒரு இடத்தில் மாமாவின் குரல் மெல்ல மெல்லச் சுருதி ஏறிக் கீச்சிட்டு, பிறகு பழையபடி இறங்குகிறது. திரையில் அது ஒரு சின்ன மேடுபோலத் தெரிந்தது. அதை நேராக்கிவிடலாம், ஒரு நிமிட வேலை என்றான்.

1993 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாலோ காலாலோ சுற்றி, டைனமோவில் ரேப் ரெக்கோடரை ஓட்டிய காலம். சுற்று குறைந்தால் நாடா மெதுவாக ஓடும். மெதுவாக ஓடும் நாடாவில் பதிந்தது பிறகு சரியான வேகத்தில் ஓடும்போது கீச்சென்று கேட்கும். தமையன் பாடும்போது சைக்கிளைச் சுற்றியது பன்னிரண்டு வயதுத் தங்கச்சி.

"அதைத் திருத்தாதை அப்பன்" என்றார் தாய். "அதில களைச்சது நான்."